பயனற்றது என்று பெயரெடுத்த புதர்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆரிகன் மாநிலத்தில், ஃபோர்ட் ராக் என்னும் இடத்துக் குகையொன்றை 1938-ஆம் ஆண்டில் லூதர் கிரெஸ்மன் என்ற மானிடவியல் பேராசிரியர் அகழ்ந்தபோது, மஸாமா எரிமலை என்றோ பொழிந்த சாம்பல் படலத்துக்கும் கீழே, பின்னப்பட்ட செருப்புகள் பல கிடைத்தன. கயிறுகளைப் பாவாக நிறுத்தி, குறுக்கே நாரை நெருக்கிப் பின்னி, கால்விரல்களை மூட ஒரு மடிப்பும் வைத்துச் செய்த அந்தச் செருப்புகளின் வயது ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்று பிற்காலப் பரிசோதனைகள் நிர்ணயித்தன. அந்த நார், சுற்றுப்புறமெங்கும் மண்டிக் கிடக்கும் சேஜ்பிரஷ் என்ற புதரின் பட்டையை உரித்து எடுத்தது. இத்தனை யுகமாக மனிதனுக்கு உதவிய இந்தச் செடிதான் சென்ற நூற்றாண்டில் பயனற்ற களை என்று தீர்மானிக்கப்பட்டு, வேரோடு களையப்பட்டது.

நம் ஊர்க் கதம்பத்தில் வைத்துத் தொடுக்கும் மரிக்கொழுந்துக்கு இது நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நுனியில் மூன்று பற்களோடு, வெள்ளிப் பொடி தூவியதுபோல் மென்மயிர் படர்ந்த அதன் சிறிய இலையைக் கசக்கினால், கற்பூரத்தை நினைவூட்டும் கசந்த வாசனை எழும். கோடையில் மழையற்றும் குளிர்காலத்தில் பனி மூடியும் கிடக்கும் அந்த உயர்ந்த வறண்ட பிரதேசத்தில், இலை முற்றும் உதிராமல் நின்று, காற்றில் பறக்கும் பனியைத் தன் அடியில் தேக்கிக்கொள்வதோடு, ஆழத்து ஈரத்தை இரவில் வேர்வழியே மேல்மண்ணுக்குக் கொண்டுவந்து அண்டையிலுள்ள புல்லுக்கும் பகிர்ந்தளிப்பது இந்தப் புதரே.

இதை நம்பி வாழும் ஜீவராசிகளில், கையளவேயுள்ள குள்ள முயல் முதல் பிராங்ஹார்ன் என்னும் வேகமிக்க மான்போன்ற மிருகம் வரை பல உண்டு. எனினும் இதனோடு பிரிக்கவியலாதபடி பிணைந்தது சேஜ் குரூஸ் என்ற பறவை. 1805-ஆம் ஆண்டில் லூயிஸ், கிளார்க் என்ற யாத்திரிகர்கள் தங்கள் நாட்குறிப்பில் எழுதிவைத்த இந்தக் காட்டுக்கோழிக்கு, தன் இனத்துப் பிற பறவைகளுக்கு உள்ளதுபோலக் கடினமான தானியத்தை அரைக்கவல்ல வலிய இரைப்பை இல்லாமையால், குளிர்காலம் முழுவதும் சேஜ்பிரஷ் இலையே ஏறத்தாழ முழு ஆகாரம். வசந்தகாலத்து விடியலில் சேவல்கள் திறந்த களமொன்றில் கூடி, கூர்மையான வால் இறகுகளை விசிறிபோல் விரித்து, மார்பிலுள்ள மஞ்சள் காற்றுப்பைகளை ஊதி உப்பவைத்துக் குமுறும் ஒலியோடு ஆடும். ஆண்டுதோறும் ஆடுவதற்கு அதே களத்தையே நாடி வரும்.

1840-களில் மேற்கு நோக்கி வண்டி கட்டிச் சென்ற குடியேறிகள் இந்தப் புதரை அடுப்பெரிக்கக் கொண்டதோடு, அது ஓங்கி வளர்ந்த இடமே வளமான ஆழ்ந்த மண் என்றறிந்து, முதலில் அதையே உழுதார்கள். பின்னர்ப் பெருகிய மாட்டு மந்தைகளும் ஆட்டு மந்தைகளும் பூர்வீகப் புல்லைத் தின்று தீர்த்தன. கசந்த புதர் மட்டும் எஞ்சவே, கேடு செய்த குற்றம் அதன் தலையில் விழுந்தது. மேய்ச்சலைக் கட்டுப்படுத்த 1934-ஆம் ஆண்டில் டெய்லர் சட்டம் பிறந்தபோதிலும், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், இரண்டு டிராக்டர்களுக்கிடையே கனத்த சங்கிலியை இழுத்தும், விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளித்தும் விஸ்தாரமான புதர்நிலங்கள் அழிக்கப்பட்டன. ரேச்சல் கார்சன் என்ற எழுத்தாளர் 1962-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இந்த அழிவைக் கண்டித்தது எனக்குப் பெரும் சேவையாகவே தோன்றுகிறது.

இதனினும் கொடிய ஆபத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய, ஆசியப் பகுதிகளிலிருந்து வந்து பரவிய சீட்கிராஸ் என்ற புல்லாகும். கோடையின் தொடக்கத்திலேயே உலர்ந்து சருகாகும் அது, தனித்தனியாக நின்ற புதர்களுக்கிடையேயுள்ள வெற்றிடத்தை நிரப்பித் தீயை நெடுந்தூரம் கொண்டுசெல்கிறது. எரிந்த சேஜ்பிரஷ் அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்ப்பதில்லை. அதன் விதையோ பெரும்பாலும் தாய்ச்செடியின் அருகிலேயே விழுந்து, சொற்ப காலத்தில் முளைக்கும் சக்தியை இழக்கிறது. புல்லோ அடுத்த ஆண்டே செழித்து நின்று அடுத்த தீயை அழைக்கிறது.

1965 முதல் சேஜ் குரூஸின் எண்ணிக்கை சுமார் 80 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான அமெரிக்க சர்க்காரின் ஆய்வு கூறியது. 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டமொன்றின்படி, பறவைகள் பறந்து மோதி மடியாதபடி பண்ணையாளர்கள் முள்வேலிக் கம்பிகளில் அடையாளத் துண்டுகளைப் பொருத்துகிறார்கள். புதர்நிலத்தில் புகுந்த ஜூனிப்பர் மரங்களை அகற்றுகிறார்கள். ஆரிகன், ஐடஹோ, நெவாடா ஆகிய மாநிலங்களின் சிறைகளில் கைதிகள் விதையிட்டு நீர்வார்த்து வளர்த்த சேஜ்பிரஷ் நாற்றுகள், தீப்பட்ட நிலத்தில் ஒவ்வொன்றாகக் கையால் நடப்பட்டன.

விரலளவான அந்த நாற்று, ஒரு பறவைக் கூட்டுக்கு நிழல் தரும் புதராக வளர்ந்து நிற்பதற்குப் பல்லாண்டுகள் செல்லும். இதற்கிடையில், புதர் எரிந்துபோன பின்னரும் சேவல்கள் பழைய களத்துக்கே வந்து ஆடுகின்றன. அவை பொறுத்திருக்கும் காலம் சிறிது, செடி வளரும் காலம் பெரிது. ஆதலின் இழந்ததை மீட்பதற்கு முன்பாக, இன்று நிற்கும் புதரை நிற்கவிடுவதே நம் முதற்கடமை.