பசுமை நுகர்வும் செம்பனையும்

பசுமை நுகர்வு என்பது சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைந்த பொருளைத் தேடி வாங்கினால் உலகம் திருந்தும் என்ற நம்பிக்கையில் நடக்கும் வணிகப் பழக்கம். அதன் எல்லை எங்கே என்று பார்க்க மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பத்து பஹாட் மாவட்டத்து யோங் பெங் ஏற்ற ஊர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் சுற்றிலும் செம்பனைதான். இதே மாநிலத்தின் கூலாயில், தாயிப் அண்டாக்கில், 1961இல் அரசின் நிலக் குடியேற்ற அமைப்பான பெல்டாவின் முதல் செம்பனைத் திட்டம் தொடங்கியது. பால்மரக் காடுகள் பலவும் பின்னர் செம்பனைக்கு மாறின.

நிலைத்த செம்பனை எண்ணெய்க்காக 2004இல் உருவான ஆர்.எஸ்.பி.ஓ. வட்டமேசை, காட்டை அழிக்காத எண்ணெய் என்று காட்ட ஒரு முத்திரையைத் தந்தது. உலக உற்பத்தியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அதன் சான்றுக்குள் வருகிறது. ஆனால் 'மாஸ் பேலன்ஸ்' முறையில் சான்று பெற்றதும் பெறாததும் ஒரே தொட்டியில் கலக்கலாம். அளவு கணக்கேட்டில் மட்டும் பிரியும். செம்பனையே வேண்டாம் என்பதும் தீர்வல்ல. அதே அளவு எண்ணெய்க்கு மற்றப் பயிர்கள் ஒன்பது மடங்கு வரை கூடுதல் நிலம் கேட்கும் என்று இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். 2018இல் எச்சரித்தது.

முத்திரை பார்த்து வாங்குவது வசதி உள்ளவரின் உரிமை. இங்கே எளிய குடும்பங்கள் வாங்குவது 2.50 ரிங்கிட் மானிய விலையில் வரும் ஒரு கிலோ எண்ணெய்ப் பாக்கெட். அதில் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை.

தோட்ட வேலையின் பாடு முத்திரையில் தெரிவதே இல்லை. நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் குலையை வெட்டிச் சாய்க்க வேண்டும். உதிரிப் பழத்தைக் குனிந்து பொறுக்கிச் சாக்கில் சேர்க்க வேண்டும். மருந்தடிப்பவர் முதுகில் பம்பைச் சுமந்து வரிசை வரிசையாக நடப்பார். அவர்களில் பலர் பெண்கள். அவர்களைத் தாக்கும் நஞ்சைப் பற்றித் தொழிலாளர் உரிமை அமைப்பான தெனகானித்தா 2002இலேயே ஆய்வு வெளியிட்டது.

சான்று பெற்ற எண்ணெயைப் பெருமளவில் விற்ற சைம் டார்பி பிளாண்டேஷனின் சரக்கை, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உண்டு என்று 2020 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை நிறுத்தியது. அதன் பிறகுதான் தொழிலாளர்கள் வேலைக்கு வரக் கட்டிய ஏஜென்ட் பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் முன்வந்தது. தடை 2023இல் நீங்கியது. கடைத்தட்டில் கூடுதல் விலை கொடுத்தவர்களால் நடக்காதது, துறைமுகத்தில் ஒரே ஆணையால் நடந்தது. பாராகுவாட் களைக்கொல்லியின் கதையும் இதுவே. 2002இல் விதித்த தடை 2006இல் தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் மலேசியச் சட்டம் அதை முழுதாக விலக்கியது.