சித்தப்பாவும் ஒரு நட்டும்

திருவொற்றியூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் என் சித்தப்பா குடியிருந்தார். அவரிடம் ஓர் ஆஸ்டின் ஏ-40 கார் இருந்தது. நாலைந்து கை மாறி வந்த வண்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதன் ஏதாவது ஓர் அவயவத்தைக் கழற்றிப் பார்ப்பது சித்தப்பாவின் வழக்கம். கழற்றியதைத் திரும்பப் பூட்ட வேண்டுமே என்று கவலைப்படுவது சித்தியின் வழக்கம்.

ஒரு ஞாயிறன்று எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் பகுதியைக் கழற்ற முற்பட்டார். ஐந்து நட்டுகள் சாதுவாக வந்துவிட்டன. ஆறாவது அசையவில்லை. சித்தப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்பானரை இழுத்தார். ஸ்பானர் வழுக்கி, அவர் கை ரேடியேட்டரில் மோதி, விரல் முட்டிகளில் தோல் உரிந்தது. மறுபடியும் இழுத்தார். இம்முறை நட்டின் மூலைகள் மழுங்கின. நான் அப்போது பள்ளிக்கூடப் பையன். சிரிக்கக் கூடாது என்ற அளவுக்கு எனக்கு விவேகம் இருந்தது.

ராயபுரத்திலிருந்து வயதான மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். அவர் நட்டைத் தொடக்கூட இல்லை. ஒரு துணியால் துடைத்துவிட்டு, குனிந்து பார்த்து, "இதை இன்னிக்கு விட்ருங்க சார். மண்ணெண்ணெய் ஊத்திட்டுப் போறேன். காத்தாலே வரேன்" என்று போய்விட்டார். சித்தப்பாவுக்கு ஏமாற்றம். பணம் கொடுத்து அழைத்த ஆள் பலத்தைக் காட்டுவான் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது.

கடற்கரை ஊரில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேலே பருத்துவிடுகிறது. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான். அதற்குள் துரு பருத்தால், பூட்டை உள்ளிருந்து யாரோ தாழிட்ட மாதிரிதான். உப்புக் காற்று அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது. எஞ்சினின் சூடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் ஸான் டியேகோ என்ற இன்னொரு கடற்கரை ஊரில் 1953-இல் ஒரு சிறு கம்பெனி, ஏவுகணைகளின் மேல்தகட்டில் துரு ஏறாமலிருக்க ஓர் எண்ணெய் தயாரித்தது. முப்பத்தொன்பது கலவை தோற்று, நாற்பதாவது பலித்ததால் அதற்கு டபிள்யூ.டி.-40 என்று பெயர் வைத்தார்கள். இன்று அது எந்தக் கடையிலும் கிடைக்கிறது. எங்கள் மேஸ்திரிக்கு மண்ணெண்ணெய் போதுமாயிருந்தது.

மறுநாள் காலை வந்தவர், நட்டைச் சுற்றிச் சிறு சுத்தியலால் தட்டினார். பூந்தொட்டியைத் தட்டுகிற மாதிரி மெதுவாகத்தான். பிறகு, கழற்றுகிற திசைக்கு நேர்மாறாக, இறுக்குகிற பக்கம் ஒரு கடுகளவு திருப்பினார். சித்தப்பா பதறிப் போனார்.

"இன்னும் இறுக்கறீங்களே!"

"துரு ஒடைய வேணாமா சார்? எந்தப் பக்கம் ஒடஞ்சா இன்னா?"

பிறகு ஊது விளக்கால் நட்டைச் சூடாக்கி, மெழுகுவர்த்தியை அதன் விளிம்பில் வைத்தார். மெழுகு உருகி, மரைக்குள் தானாக உறிஞ்சிக்கொண்டு ஓடியது. முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாய் அசைத்ததில் நட்டு கால் சுற்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மேஸ்திரி நிறுத்தினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இது துரு இல்லே சார். மரையே வேறே" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தின் பின்னால் நூறு வருஷத்துச் சரித்திரம் இருந்தது என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

நம் வீட்டுப் பெண்களின் தோட்டைப் பாருங்கள். பழங்காலத்துத் தோட்டில் ஒரு திருகாணி தொலைந்துவிட்டால், பக்கத்து வீட்டு அம்மாளின் திருகாணி அதற்குப் பொருந்தாது. தோட்டையும் எடுத்துக்கொண்டு ஆசாரியிடம் போகவேண்டும். அவர் அந்தத் தோட்டுக்கென்றே மரை வெட்டித் தருவார். இங்கிலாந்தின் இயந்திரப் பட்டறைகளும் 1841 வரை இப்படித்தான் இருந்தன. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. அந்த வருஷம் ஜோஸப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து, சராசரி பார்த்து, ஒரே அளவை எல்லாரும் பின்பற்றலாம் என்று யோசனை சொன்னார். மரையின் கோணம் 55 டிகிரி. ரயில்வேக்கள் அதை ஏற்றுக்கொண்டன. ரயில் போன இடமெல்லாம் மரையும் போயிற்று.

ராயபுரம் ஸ்டேஷன் திறந்தது 1856 ஜூன் 28. அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும். சரக்குகள் மசூலாப் படகில் அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேரும். இங்கிலாந்துத் திருகாணிகள் நம் உப்புத் தண்ணீரை அன்றைக்கே ருசி பார்த்துவிட்டன.

அமெரிக்கர்கள் சும்மா இருப்பார்களா? 1864-இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஸெல்லர்ஸ் என்பவர், வெட்டுவதற்கு இது சுலபம் என்று 60 டிகிரி மரையைக் கொண்டுவந்தார். அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்குப் பன்னிரண்டு சுற்று, அமெரிக்கருக்குப் பதின்மூன்று. ஒரே ஒரு சுற்றுதான் வித்தியாசம். இரண்டாவது உலக யுத்தத்தில் அந்த ஒரு சுற்று இரண்டு தேசங்களையும் படாத பாடு படுத்தியது. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினைச் செய்ய ஒப்புக்கொண்ட அமெரிக்க பாக்கார்ட் கம்பெனி, அதற்காகப் பிரிட்டிஷ் மரைகளையே வெட்ட வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்து, 1948 நவம்பர் 18-ஆம் தேதி வாஷிங்டனில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டன.

அதற்குச் சரியாக 72 நாள் முன்பு, செப்டம்பர் 7-ஆம் தேதி, ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். அசோக் என்பது அவர் பிள்ளையின் பெயர். எண்ணூரில் 1949-இல் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள். 1955-இல் அது அசோக் லேலண்ட் ஆகி, காரை விட்டு லாரிக்குப் போய்விட்டது. அதே 1955-இல்தான் என்பீல்டு புல்லட்டும் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அதைச் செய்தார்கள். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடிய பிறகும் நம் ஊரில் புல்லட் வெடித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆக, அந்த வட்டாரத்து மேஸ்திரிகளின் பெட்டியில் இரண்டு சாதி ஸ்பானர்கள் இருந்தாக வேண்டும். பிரிட்டிஷ் மரைக்கு ஒன்று, அமெரிக்க மரைக்கு ஒன்று. இதை அறியாதவன் காருக்குக் கையாலாகாதவன். எங்கள் வண்டியை முன்பு பார்த்த எவனோ ஒருவன் அறியாதவன். பழைய நட்டு தொலைந்துபோக, கையில் கிடைத்த அமெரிக்க நட்டை ஆங்கில ஸ்டட்டில் பலவந்தமாக ஏற்றியிருக்கிறான். அந்த அளவில் ஆங்கில மரை அங்குலத்துக்கு 22, அமெரிக்க மரை 24. இரண்டு மூன்று சுற்று ஏறும், பிறகு ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். ஸ்பானர் வழுக்கியதற்கும் காரணம் அதுவே. ஆங்கில ஸ்பானரின் வாய் 0.525 அங்குலம், அந்த நட்டின் அகலம் அரை அங்குலம். பாவம், சித்தப்பாவின் விரல்கள் அங்குலத்தில் நாற்பதில் ஒரு பங்குக்காக அடிபட்டிருந்தன.

"மரை கழண்டவன் போட்ட மரை" என்றார் மேஸ்திரி. உளியை எடுத்து, நட்டின் ஒரு பக்கத்தில் குறுக்கே வைத்து, நாலே அடியில் அதைப் பிளந்தார். ஸ்டட்டுக்குக் கீறல் விழவில்லை. அதன் மரையைத் துடைத்து, சரியான நட்டு ஒன்றை விரலாலேயே கடைசி வரை ஏற்றிக் காட்டினார்.

"கையாலே ஏறாத நட்டை ஸ்பானராலே ஏத்தக் கூடாது தம்பி" என்று என்னிடம் சொன்னார். கூலி எவ்வளவு என்று சித்தப்பா கேட்டதற்கு, ஊது விளக்கை அணைத்துவிட்டு, முதலில் காபி வரட்டும் என்றார்.