உப்புக்கண்டமும் புகை அடுப்பும்

பெருமாநல்லூர் பக்கம் கறி கெடாமல் இருக்க உப்பும் வெயிலும் போதும். ஆட்டுக்கறியில் உப்பு, மஞ்சள், மிளகாய் தடவி கயிற்றில் கோர்த்துக் காயவிட்டால் உப்புக்கண்டம் தயார். ஈரம் மிகுந்த ஊர்களுக்குத்தான் புகை தேவைப்பட்டது. நாகாலாந்தில் இன்றும் பன்றிக்கறி அடுப்புக்கு மேலே தொங்குகிறது. மாலத்தீவில் 1343-ல் போய்த் தங்கிய இபன் பதூதா, மீனை லேசாக வேகவைத்து ஓலைக்கூடையில் புகையில் தொங்கவிட்டதை எழுதியிருக்கிறார். நம் மாசிக்கருவாடு அந்த வகைதான்!

கெடாமல் இருக்கப் போட்ட புகை பிறகு ருசிக்காக என்றாகிவிட்டது. மூடியுள்ள அடுப்புகள் வந்தன. 1952-ல் சிகாகோ பக்கம் ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவை செய்யும் இரும்புக் கோளத்தை வைத்து வெபர் அடுப்பைச் செய்தார். ஜப்பானின் காமாடோ மண் அடுப்பை, இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்கு எடுத்துப் போனார்கள்.

வீட்டுக் கொல்லையில் வைக்க எது நல்லது? புகைக்கறிக்குச் சுமார் 110 டிகிரி சூடு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். தடித்த மண் அடுப்பு சூட்டைப் பிடித்து வைக்கும், கரியும் குறைவு. ஆனால் கனம், விழுந்தால் உடையும். தகர அடுப்பு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும், பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

பழைய 200 லிட்டர் இரும்பு டிரம்மை வெட்டியும் செய்கிறார்கள். செலவு குறைவுதான். ஆனால் சாயப்பட்டறைகள் நிறைந்த திருப்பூர் வட்டாரத்தில், அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ரசாயனம் இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் சமையலுக்கு ஆகாது. எண்ணெய் போன்ற உணவுப்பொருள் வந்த டிரம் என்றால், உள்பூச்சை நன்றாக எரித்துச் சுரண்டிய பிறகே கறி வைக்கலாம்.