நார்தாம்ப்டன்ஷைர் பாப்டிஸ்ட் சங்கம்

நார்தாம்ப்டன்ஷைர் பாப்டிஸ்ட் சங்கம், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருந்த பாப்டிஸ்ட் திருச்சபைகளின் வட்டாரக் கூட்டமைப்பு. 1760-களின் நடுவில் உருவானது. வில்லியம் கேரியை வங்காளத்துக்கு அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷனரி சொசைட்டி இச்சங்கத்தின் போதகர்களிடையே தோன்றியது.

அமைப்பு

பாப்டிஸ்ட் மரபில் ஒவ்வொரு உள்ளூர்ச் சபையும் தன்னாட்சி உடையது. பிஷப் இல்லை. சபைகளின்மேல் சங்கத்துக்கு அதிகாரமும் இல்லை. சபைகள் ஆண்டுக்கொருமுறை தம் போதகர்களையும் பிரதிநிதிகளையும் அனுப்பின. கூட்டத்தின் முடிவில் சுற்றறிக்கைக் கடிதம் அச்சிடப்பட்டு எல்லாச் சபைகளுக்கும் சென்றது. இச்சபைகளில் பல சிற்றூர்ச் சபைகள். மோல்டன் சபையின் போதகராக இருந்த கேரி செருப்புத் தைத்தும் பிழைக்க வேண்டியிருந்தது.

ஜெப அழைப்பு

1784-ல் நாட்டிங்காமில் கூடிய சங்கம், ஓல்னி சபைப் போதகர் ஜான் சட்கிளிஃபின் முன்மொழிவை ஏற்று, மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை உலகெங்கும் நற்செய்தி பரவ ஜெபிக்கும்படி சபைகளை அழைத்தது. மனந்திரும்பும்படி எல்லாரையும் அழைப்பது போதகரின் கடமையல்ல என்ற கடுமையான கால்வினியக் கருத்து அப்போது வலுவாக இருந்தது. கெட்டரிங் போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லர் 1785-ல் வெளியிட்ட நூல் அதை மறுத்தது.

மிஷன் தொடக்கம்

1792 மே மாதம் நாட்டிங்காம் கூட்டத்தில் கேரி ஏசாயா 54-ஆம் அதிகாரத்தை ஒட்டிப் பிரசங்கித்தார். மறுநாள் மிஷனுக்கான திட்டம் வகுக்க முடிவானது. அக்டோபர் 2 அன்று கெட்டரிங்கில் திருமதி வாலிஸ் என்ற விதவையின் வீட்டில் சங்கம் சார்ந்த போதகர்கள் சிலர் கூடி மிஷனைத் தொடங்கினர். அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்ட தொகை 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ். வாக்குறுதிச் சீட்டுகள் ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாவில் இடப்பட்டன என்பது மரபுச் செய்தி.

சபைகளுக்கு ஆணையிட யாருக்கும் அதிகாரம் இல்லாததால் நிதியைக் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. பர்மிங்காம் போதகர் சாமுவேல் பியர்ஸ் தன் சபையில் துணைச் சங்கம் அமைத்து 70 பவுன் திரட்டினார். செயலாளரான ஃபுல்லர் 1815-ல் இறக்கும்வரை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் பயணம் செய்து நிதி சேர்த்தார்.

வரலாற்று இடம்

கேரி 1793-ல் வங்காளம் வந்தார். 1800-ல் செராம்பூர் மிஷனும், 1818-ல் செராம்பூர் கல்லூரியும் உருவாயின. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி மாணவர்கள் பெறும் பட்டங்கள் செராம்பூர் செனட் வழங்குபவை. அதிகாரமோ பெருஞ்செல்வமோ இல்லாத சிறு சபைகள், ஆண்டுக்கூட்டம், கடிதம், மாத ஜெபம் ஆகியவற்றால் மட்டுமே இணைந்து கடல்கடந்த பணியைத் தாங்க முடியும் என்பதை இச்சங்கம் நிறுவியது.