சிலாங்கூர் ஆற்றங்கரைத் தோட்டங்களும் இரு பிரெஞ்சு நாவலாசிரியர்களும்: இளமையும் கல்வியும்

பிரான்சின் பெருமைமிக்க கொன்கூர் இலக்கியப் பரிசை 1930-ஆம் ஆண்டு வென்ற ‘மலேசி’ என்ற நாவல், கோலா சிலாங்கூர் வட்டாரத் தோட்ட வாழ்க்கையிலிருந்து பிறந்தது. அதை எழுதியவர் ஆன்ரி ஃபோக்கோனியே. ‘குவாய் நதிப் பாலம்’ நாவலை 1952-இல் எழுதி உலகப் புகழ்பெற்ற பியேர் பூலும் மலாயா ரப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர்தான். இவ்விருவரின் இளமையையும் கல்வியையும் பார்க்கும்போது, அதே தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்ன படிப்பு கிடைத்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

ஆறும் தோட்டங்களும்

பிரேசர் மலை அடிவாரத்திலிருந்து இறங்கும் சிலாங்கூர் ஆறு, கோலா குபு பாரு வழியாக மேற்கே ஓடி, ரந்தாவ் பாஞ்சாங், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய இடங்களைக் கடந்து கோலா சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. ஆற்றின் மேல்பகுதியில் முதலில் வளர்ந்தது ஈயத் தொழில். 1883-இல் அணை உடைந்தபோது பழைய கோலா குபு பட்டணம் அழிவைச் சந்தித்தது. அதன் பிறகும் ஈயச் சுரங்க மண் படிந்து வெள்ளம் தொடர்ந்ததால், 1930-களின் தொடக்கத்தில் மேட்டு நிலத்தில் இன்றைய கோலா குபு பாரு அமைந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றின் இரு பக்கமும் காடு அழிக்கப்பட்டு ரப்பர் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியாகக் கூட்டி வரப்பட்ட குடும்பங்கள் அத்தோட்டங்களின் லயங்களில் குடியேறின. ஃபோக்கோனியே இங்கு வந்து சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்.

ஃபோக்கோனியேயின் பிறப்பும் படிப்பும்

ஆன்ரி ஃபோக்கோனியே 26 பிப்ரவரி 1879 அன்று பிரான்சின் ஷராந்த் மாவட்டத்தில் உள்ள பார்பெஸியூ என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கொன்யாக் மது வணிகர். வசதியான குடும்பம், பெரிய தோட்டத்துடன் கூடிய வீடு. இசையும் புத்தகமும் நாடகமும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றாடப் பழக்கமாக இருந்தன. சகோதர சகோதரிகளும் பக்கத்து வீட்டு நண்பர்களும் சேர்ந்து நாடகம் போடுவார்கள்.

அந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் ஜாக் பூத்தெலோ. பிற்காலத்தில் ஜாக் ஷார்தோன் என்ற பெயரில் புகழ்பெற்ற நாவலாசிரியர் இவரே. பாரிஸில் ஸ்தோக் பதிப்பகத்தை நடத்தியவர்களிலும் இவர் ஒருவர். ‘மலேசி’யை வெளியிட்டது அந்தப் பதிப்பகம்தான். ஃபோக்கோனியேயின் தங்கை ஜெனவியேவும் எழுத்தாளரானார். 1933-இல் அவருக்கு ஃபெமினா பரிசு கிடைத்தது. ஒரே வீட்டிலிருந்து இருவர் நாட்டின் பெரிய இலக்கியப் பரிசுகளைப் பெற்றார்கள் என்றால், அந்த வீட்டுச் சூழலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

ஃபோக்கோனியே போர்தோவில் சட்டம் படித்தார். 1901-இல் தந்தை இறந்த பிறகு இங்கிலாந்து சென்று, ஒரு பள்ளியில் பிரெஞ்சும் இசையும் கற்பித்தார். ஆசிரியர் சம்பளத்தில் எழுத்தாளராக வாழ முடியாது, முதலில் பணம் சேர்க்க வேண்டும், பிறகு எழுத நேரம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கீழை நாடுகளில் தோட்டம் போட்டால் பொருள் சேர்க்கலாம் என்று அறிந்து, 26-ஆவது வயதில் 1905-இல் கப்பலேறினார்.

ரந்தாவ் பாஞ்சாங்கில் கற்றவை

போர்னியோ போகக் கிளம்பியவர் சிங்கப்பூரில் தங்கியபோது மனம் மாறி மலாயாவைத் தேர்ந்தெடுத்தார். கிள்ளான் அருகே ஒரு தோட்டத் துரையிடம் சொந்தச் செலவில் பயிற்சி பெற்றார். மொழியும் வேலை முறையும் அங்கே பழகியவை. பிறகு சிலாங்கூர் ஆற்றுக்கு அப்பால், ரந்தாவ் பாஞ்சாங் குன்றுகளில் நிலம் தேடினார். 1906-இல் 600 ஏக்கர் கிடைத்தது. அங்கே வீடு கட்டித் தனியாகக் குடியேறினார்.

1908-இல் பெல்ஜிய முதலீட்டாளர் அட்ரியன் ஹல்லேயின் ஆதரவுடன் அவரது தோட்டங்கள் நிறுவனமாயின. அடுத்து வந்த ரப்பர் விலை ஏற்றம் அவரைச் செல்வந்தராக்கியது. ஹல்லே தொடங்கிய சொக்ஃபின் நிறுவனம் பின்னாளில் இவ்வட்டாரத் தமிழர்கள் நன்கு அறிந்த பெயராயிற்று.

மலாய் மொழியில் அவரை ஈர்த்தது பந்துன் பாடல்கள். ‘மலேசி’யின் அத்தியாயங்களுக்கு முகப்பாக அவர் பந்துன்களை வைத்தார். தோட்டத்துக்குப் புதிதாக வரும் ஒரு பிரெஞ்சு இளைஞன், அவனுக்கு வழிகாட்டும் ரோலேன் என்ற மூத்த தோட்டக்காரர், ஸ்மாயில் என்ற மலாய் இளைஞன் ஆகியோர் அந்நாவலின் முக்கியப் பாத்திரங்கள். தோட்டத் தமிழர் குடியிருப்பும் பழனியாயி என்ற தமிழ்ப் பெண்ணும் கதையில் வருகின்றனர். ஆனால் அவர்களை வாசகர் பார்ப்பது துரையின் கண் வழியாகவே.

தென்னமரம் தோட்டம்

ஃபோக்கோனியே மலேசிய வரலாற்றில் இடம்பெறுவதற்கு இலக்கியத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதுவே செம்பனை. 1911 வாக்கில் சுமத்ராவிலிருந்து வந்த செம்பனை விதைகள் ரந்தாவ் பாஞ்சாங்கில் ஊன்றப்பட்டன. 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. இன்று நாட்டின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றான செம்பனை எண்ணெயின் தொடக்கம் இந்த இடம்தான். தோட்டத்தின் பெயரே தமிழ்ப் பெயர்.

முதல் உலகப் போரில் ஃபோக்கோனியே பிரான்ஸ் திரும்பிப் படையில் சேர்ந்தார். போருக்குப் பின் துனிசியாவில் குடியேறி அங்கேதான் ‘மலேசி’யை எழுதி முடித்தார். நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 51. 1931-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1973-இல் அவர் காலமானார்.

பியேர் பூல்

பியேர் பூல் 20 பிப்ரவரி 1912 அன்று தென் பிரான்சின் அவிஞோன் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், பூல் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். பூல் பாரிஸில் அறிவியல் படித்து, 1933-இல் மின்பொறியியல் உயர்கல்லூரியில் பொறியாளர் பட்டம் பெற்றார். இலக்கியம் அவர் பாடமாகப் படித்ததல்ல.

1936-இல் மலாயா வந்து ரப்பர் தோட்டங்களில் தொழில்நுட்பப் பணியில் அமர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, பிறகு இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறையிலிருந்து 1944-இல் தப்பினார். போருக்குப் பின் மீண்டும் சிறிது காலம் மலாயாவில் இருந்துவிட்டு, பாரிஸ் திரும்பி முழுநேர எழுத்தாளரானார். 1951-இல் வந்த அவரது மலாயா நாவல் தோட்ட நிறுவன நிர்வாகத்தைக் கிண்டல் செய்வது. 1963-இல் வந்த ‘குரங்குகளின் கிரகம்’ நாவலும் அவர் எழுதியதே. 1994-இல் மறைந்தார்.

‘குவாய் நதிப் பாலம்’ சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றியது. 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் அமைத்த சுமார் 415 கிலோமீட்டர் பாதை அது. நாவலின் மையம் பிரிட்டிஷ் போர்க்கைதிகள். உண்மையில் அங்கே போர்க்கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பெரும் எண்ணிக்கையினர் திரும்பி வரவில்லை. தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த தோட்டங்களில் வேலை பார்த்தவர் எழுதிய நாவல் என்றாலும், அத்தொழிலாளர்களின் கதையை உலகம் அதிலிருந்து அறிந்துகொள்ளவில்லை.

அதே தோட்டங்களில் தமிழ்ப் பிள்ளைகளின் படிப்பு

பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. சட்டம் இருந்தும் பல இடங்களில் பள்ளி என்பது லயத்தின் ஓர் அறை அல்லது கொட்டகை. ஒரே ஆசிரியர், எல்லா வகுப்பும் ஒரே இடம். படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ பகுதி நேரமாகப் பாடம் சொல்லித் தருவதும் உண்டு. பாடநூல்கள் தமிழகத்திலிருந்து வந்தன.

பெரட்டுக்குப் பெற்றோர் விடியுமுன் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பிள்ளை வீட்டில் நின்றுவிடுவாள். பையன்கள் வளர்ந்ததும் பால்மரம் வெட்ட உதவிக்குப் போவார்கள். தொடக்கப்பள்ளிக்கு மேல் தமிழில் படிக்க வழியில்லை. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில், அதற்குக் கட்டணமும் உண்டு. நாடு விடுதலை பெற்ற பிறகு இடைநிலைப் பள்ளிக்குப் போன தமிழ்ப்பள்ளி மாணவர்கள், படிவம் ஒன்றுக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு படிக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் படிப்பை நிறுத்தியவர்கள் பலர்.

ஃபோக்கோனியேவும் பூலும் ஆற்றங்கரைக்கு வரும்போது பல்கலைக்கழகப் படிப்பு முடித்த இளைஞர்கள். வேலையை விட்டு எழுதப் போகலாம் என்று எண்ணும் வசதியும் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் தோட்டத்தைப் பற்றி எழுதியதும், தோட்டத்தில் பிறந்தவர்கள் அப்போது எழுதாததும் திறமையால் வந்த வேறுபாடு அல்ல. பள்ளியால் வந்த வேறுபாடு.

தமிழில் எழுதப்பட்டவை

தோட்டத் தமிழர்களின் பார்வையிலான பதிவு பல பத்தாண்டுகளுக்குப் பின் வந்தது. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமி எழுதிய ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள், ரயில் பாதைக்குப் போன தமிழர்களை மையமாக வைத்தன. இவர்களில் ரெங்கசாமி தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஓரறைப் பள்ளியாகத் தொடங்கிய தமிழ்க் கல்வி இல்லாமல் இத்தகைய நூல்களை எழுதவோ படிக்கவோ ஆளிருந்திருக்காது.

இன்று

தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. மாணவர் எண்ணிக்கை குறைந்து சில தோட்டப் பள்ளிகள் இடம் மாறின, சில மூடப்பட்டன. உலு சிலாங்கூர், கோலா சிலாங்கூர் மாவட்டங்களில் இன்னும் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் பல, பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன.

ஃபோக்கோனியேயின் பிறந்த வீடு முதல் அவர் நிலம் வாங்கிய ஆண்டு வரை எல்லாம் பதிவாகியுள்ளது. அவர் தோட்டத்தில் முதல் செம்பனையை நட்ட கைகள் யாருடையவை என்பதற்குப் பெயர்ப் பட்டியல் பொதுவெளியில் இல்லை. பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், ஆசிரியர்களின் குறிப்பேடுகள், லயத்து வீட்டுச் சுவரில் தொங்கிய குடும்பப் படங்கள், இன்று 80 வயதைக் கடந்தவர்களின் நினைவுகள் ஆகியவைதான் மிச்சமிருக்கும் ஆவணங்கள். பள்ளி மேலாளர் வாரியங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் இவற்றைத் திரட்டிப் படியெடுத்து வைத்தால், இவ்வட்டாரத் தமிழர்களின் இளமையும் கல்வியும் இதுபோல ஒரு கட்டுரையாக எழுதப்பட வழி உண்டு.