மிச்சப்பட்ட நேரம் யாருக்கு?

கட்டடக்கலை வரலாறு என நாம் படித்தவை பெரும்பாலும் அரண்மனைகளின் வரலாறாகவும் ஆலயங்களின் வரலாறாகவுமே இருந்துவந்துள்ளன. தூணின் வேலைப்பாட்டையும் கோபுரத்தின் உயரத்தையும் அளந்து எழுதிய ஆசிரியர்கள், அவற்றை எழுப்பிய மக்கள் எத்தகைய குடிலில் உறங்கினர் என்பதை எழுத மறந்தனர். இன்றும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. பளபளப்பான தாளில் வெளிவரும் வீட்டலங்கார ஏடுகள் கண்ணாடிச் சுவர்களையும் சலவைக்கல் மேடைகளையும் காட்டுகின்றன. அவற்றைத் துடைப்பவரைக் காட்டுவதில்லை. ஆகவே, உழைப்பைப் பற்றிய சிந்தனையிலிருந்து பிறந்த ஓர் அறையின் வரலாற்றை இங்கு நோக்குவது பயனுடையதாகும். 1926ஆம் ஆண்டு ஜேர்மனியில் உருவான பிராங்பேர்ட் சமையலறையே அது.

முதலாம் உலகப்போர் முடிந்தபோது ஜேர்மன் நகரங்களில் வீட்டுப்பஞ்சம் தலைவிரித்தாடியது. 1923இல் உச்சத்தை அடைந்த பணவீக்கம் உழைப்பாளரின் சேமிப்பைக் கரைத்தது. ஆனால், வீட்டுச் சொந்தக்காரரின் ஈட்டுக்கடன்களையும் அதுவே கரைத்துவிட்டது. கடன் மறைந்தது, கட்டடம் எஞ்சியது. உழைக்காமற் கிடைத்த இந்த ஆதாயத்தில் ஒரு பங்கை மீட்டெடுக்கும் நோக்கோடு 1924இல் பழைய கட்டடங்கள்மீது ஒரு வரி விதிக்கப்பட்டது. அவ்வரிப் பணத்தின் ஒரு பகுதி புதிய குடியிருப்புகளை அமைக்கப் பயன்பட்டது. 1925இல் பிராங்பேர்ட் மாநகரசபையின் கட்டடப் பொறுப்பை ஏற்ற ஏர்ன்ஸ்ட் மே, இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி ஐந்தாண்டுகளில் ஏறக்குறைய 12,000 வீடுகள் எழ வழிசெய்தார்.

அவர் துணைக்கு அழைத்தவர்களுள் ஒருவரே மார்கரெட்டே லிஹோட்ஸ்கி. 1897இல் வியன்னாவிற் பிறந்த இவர், அவுஸ்திரியாவில் கட்டடக்கலை பயின்ற முதற் பெண்களுள் ஒருவர். மாணவியாயிருந்த காலத்தில், தொழிலாளர் வீடுகளை வரையும் போட்டியொன்றிற் கலந்துகொள்ள அவர் விரும்பினார். கோடு கீறுவதற்கு முன்னர், தொழிலாளர் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை நேரிற் சென்று பார்க்குமாறு ஆசிரியர் அவருக்கு அறிவுறுத்தினார். சேரிகளுக்குச் சென்று கண்ட காட்சி அவருடைய வாழ்வின் திசையையே நிர்ணயித்தது எனலாம். 1917இல் அப்போட்டியின் பரிசும் அவருக்கே கிடைத்தது.

பிராங்பேர்ட்டில் அவர் வகுத்த சமையலறை ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலமும் 3.4 மீற்றர் நீளமும் கொண்டது. புகைவண்டியின் உணவுப்பெட்டியில் ஒரு சிறு அடுக்களை எத்தனை பேருக்கு உணவளிக்கின்றது என்பதை அவர் முன்மாதிரியாகக் கொண்டார். வேலைசெய்யும் பலகை சாளரத்தின் அருகே அமைந்தது. அமர்ந்தே காய்கறி நறுக்குவதற்குச் சுழலும் இருக்கை இருந்தது. அரிசி, சீனி முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள் இருந்தன. மாவுப் பெட்டி ஓக் மரத்தாலானது. மாவிற் புழு அண்டாதிருக்க அம்மரம் தெரிவுசெய்யப்பட்டது. ஈக்கள் நீலநிறத்தை விரும்புவதில்லை என அக்கால ஆராய்ச்சியாளர் கருதியமையால், அலுமாரிகளுக்கு நீலப்பச்சை வர்ணம் பூசப்பட்டது. சமைத்தவாறே பிள்ளைகளைக் கவனிப்பதற்கு அடுத்த அறைக்கு வழுக்குக் கதவு ஒன்று வைக்கப்பட்டது. இத்தகைய சமையலறைகள் ஏறக்குறைய 10,000 பொருத்தப்பட்டன.

இவற்றின் பின்னாலிருந்த தத்துவம் கவனிக்கத்தக்கது. அமெரிக்க ஆலைகளில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் கொண்டு அளந்தவர் டெயிலர். அம்முறையைக் கிறிஸ்டீன் பிரெடெரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி வீட்டுவேலைக்குப் பொருத்தினார். 1920களின் தொடக்கத்தில் ஜேர்மன் மொழியில் வெளிவந்த அவருடைய நூலை லிஹோட்ஸ்கி ஆழ்ந்து கற்றார். அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி, தொட்டியிலிருந்து அலுமாரிக்கு எத்தனை அடி எனக் கணக்கிட்டே அவர் தமது அறையை அமைத்தார்.

இங்குதான் நாம் ஓர் அடிப்படை வினாவை எழுப்பவேண்டும். ஆலையில் மிச்சப்பட்ட நேரம் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. அது முதலாளியின் இலாபமாயிற்று. சமையலறையில் மிச்சப்பட்ட நேரம் யாருக்குரியது? லிஹோட்ஸ்கியின் விடை தெளிவானது. பெண்கள் வெளியே தொழில்புரியும் காலம் வந்துவிட்டது. வீட்டுவேலையின் சுமை குறைந்தால் அவர்கள் படிக்கவும் ஓய்வுகொள்ளவும் முடியும் என அவர் நம்பினார். நோக்கம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அறையில் ஒருவர் மட்டுமே நின்று வேலைசெய்யலாம். அந்த ஒருவர் பெண்ணே என்பதும் அதன் அளவிலேயே அடங்கியிருந்தது. முன்பு குடும்பமே கூடியிருந்து உண்டு உரையாடிய அடுப்படியிலிருந்து பிரிந்து, அவள் தனியறையில் நின்றாள். 1970களில் பெண்ணுரிமை இயக்கத்தினர் இதனையே வன்மையாகக் கண்டித்தனர்.

வாடகை மற்றொரு முரண்பாடு. பிராங்பேர்ட் வீடுகள் பெருமளவு கடன்பணத்தைக் கொண்டு கட்டப்பட்டமையால், வட்டிச்சுமை வாடகையின்மீது ஏறியது. தேர்ச்சிபெற்ற தொழிலாளரும் அலுவலக ஊழியரும் அங்கே குடியேறினர். மிக வறியோர் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

அதே காலத்தில் வியன்னாவின் சமூக ஜனநாயக நகராட்சி வேறொரு வழியை மேற்கொண்டது. செல்வரின் வீடுகள்மீதும் ஆடம்பரங்கள்மீதும் ஏறுவீதத்தில் வரிவிதித்து, அப்பணத்தைக் கொண்டே அது 60,000க்கும் மேற்பட்ட வீடுகளை அமைத்தது. முதலீட்டுக்கு வட்டி கட்டவேண்டாதபடியால் வாடகை மிகக் குறைவாயிருந்தது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹோவ் ஒரு கிலோமீற்றருக்கும் கூடுதலான நீளமுடையது. 1,382 வீடுகளைக் கொண்டது. பொதுச் சலவைக்கூடம், குளிப்பகம், பாலர் பாடசாலை, நூலகம் என்பன அங்கே அமைந்தன. ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியே சுமந்த வேலையின் ஒரு பகுதியைச் சமூகம் ஏற்றுக்கொள்ளும் முயற்சி அது. சலவைக்கூடத்திலும் துவைத்தவர்கள் பெண்களே எனினும், அவர்கள் தனித்து நிற்கவில்லை. இத்தகைய கட்டடங்கள் ஆளும் வர்க்கத்துக்கு எவ்வளவு அச்சமூட்டின என்பதற்கு 1934 பெப்ரவரியே சான்று. தொழிலாளரின் எதிர்ப்பை நசுக்க, டொல்பஸ் அரசு அக்குடியிருப்பின்மீது பீரங்கிகளால் சுட்டது.

பிராங்பேர்ட் முயற்சியும் நீடிக்கவில்லை. 1929இன் பொருளாதார நெருக்கடி கட்டட வேலைகளை முடக்கியது. 1930இல் ஏர்ன்ஸ்ட் மேயும் அவருடைய குழுவினரும் புதிய தொழில் நகரங்களை வகுப்பதற்குச் சோவியத் யூனியன் சென்றனர், லிஹோட்ஸ்கியும் உடன்சென்றார். பின்னர் இஸ்தான்புல்லில் வாழ்ந்த அவர், 1939இல் அவுஸ்திரியக் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். 1940 டிசம்பரில், பாதுகாப்பான வாழ்வைத் துறந்து, நாசி எதிர்ப்பியக்கத்துடன் தொடர்புகொள்ள வியன்னா திரும்பினார். 1941 ஜனவரியிற் கைதாகி, 15 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1945இல் அமெரிக்கப் படைகள் வந்தபோதே விடுதலையடைந்தார். விடுதலை பெற்ற தாயகமோ, அவர் கம்யூனிஸ்ட் என்பதால், அரசாங்கக் கட்டட வேலைகள் பெரும்பாலானவற்றை அவருக்கு மறுத்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில், 103ஆவது பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன்னர் அவர் மறைந்தார்.

அவர் விதைத்த கருத்தைச் சந்தை அறுவடை செய்தது. போருக்குப்பின் சுவரோடு பொருத்திய சமையலறை பெரும் வாணிபப் பண்டமாயிற்று. 1959 ஜூலையில் மொஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், நிக்சனும் குருஷ்சேவும் இரண்டு சமுதாய அமைப்புகளைப் பற்றி வாதிட்டது ஒரு மாதிரிச் சமையலறையின் முன்னிலையிலேயாகும். தொழிலாளர் வீட்டுக்கென வகுக்கப்பட்ட பிராங்பேர்ட் சமையலறையோ இன்று நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலையில் சேகரிப்புப் பொருளாக இருக்கின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? அளவுகோல் பிடித்த கை எவ்வளவு நேர்மையானதாயினும், நிலத்தின் விலையும் கடனின் வட்டியும் மாறாதவிடத்து நல்ல வீடு வறியவனை எட்டாது. ஆலைக்கடிகாரத்தை அடுக்களைக்குக் கொண்டுவருவதனால் மட்டும் பெண் விடுதலை பெறுவதுமில்லை. அதற்கென்று வேலையைப் பங்கிடும் முறையே மாறவேண்டும். ஆயினும், வீட்டை வரைவதற்கு முன் அதில் உழைப்பவரைச் சென்று பார்த்த அந்த மாணவியின் வழி சரியான வழியே. புதிய கட்டடம் ஒன்றைக் காணும்போது, இது அழகானதா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இதில் யார் வாழ்கின்றனர், யார் வேலைசெய்கின்றனர், அவர்களுக்கு இது மிச்சப்படுத்தும் நேரம் யாரைச் சேர்கின்றது என்பவற்றையும் சேர்த்தே கேட்கவேண்டும்.