அரிசிக்கு வாக்கு, கேழ்வரகுக்கு?

1906 ஜூன் 10 அன்று சுவிட்சர்லாந்தில் ஒரு பொதுவாக்கெடுப்பு. உணவுப் பொருட்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தி, கலப்படத்தைத் தடுக்க 1905இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் வேண்டுமா, வேண்டாமா? எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டி மக்கள் முன் இழுத்துவந்த கேள்வி அது. நூற்றுக்கு 62 பேருக்கு மேல் வேண்டும் என்றார்கள். ஜனநாயகத்தின் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அடுப்படியில் பாலைக் காய்ச்சிய பெண்கள் அந்த வரிசையில் இல்லை. கூட்டாட்சித் தேர்தல்களில் அவர்களுக்கு வாக்குரிமை வந்ததே 1971இல்தான். ஆக, 'மக்கள்' என்பதும் வடிகட்டப்பட்ட சொல்தான்.

நமக்கு அந்தச் சடங்குகூட இல்லை. சட்டங்களைப் பொதுவாக்கெடுப்புக்கு விட இந்திய அரசியல் சட்டத்தில் வழியில்லை. 1954இன் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் யாரையும் கேட்டு வரவில்லை. கேக்கலேன்னா என்ன, நல்லதுதானே என்பீர்கள். கலப்படத்துக்குச் சரி. எந்தத் தானியம் தட்டில் விழ வேண்டும் என்பதையும் அதே மௌனத்தில் தீர்மானித்தால்?

உணவை முன்வைத்துத் தமிழகம் வாக்களித்த தருணம் ஒன்று உண்டு: 1967. இந்தி எதிர்ப்போடு அரிசித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. ரூபாய்க்கு மூன்று படி என்றது தி.மு.க.; ஆட்சி மாறியது. ரூபாய்க்கு ஒரு படி முதலில் கிடைத்தது சென்னைக்கும் கோவைக்கும். நகரம் முதலில் உண்டது என்பது ஒருபுறம். அந்தத் தேர்தலை உணவுக்கான பொதுவாக்கெடுப்பாக வாசித்தால், கேள்வியில் அரிசி மட்டுமே இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தர்மபுரி, மானாவாரிக் காடு. கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைந்த மண். களிதான் சாப்பாடு, நெல்லுச்சோறு பண்டிகைக்கு. அதில் வறுமையும் இருந்தது, மண்ணைப் பற்றிய அறிவும் இருந்தது. அரிசி கௌரவமானதும் களி தின்பவன் பட்டிக்காட்டான் ஆனான். இந்தப் படிநிலையை ரேஷன் கடை நிறுவனமாக்கியது. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். பசி குறைந்தது, அதை மறுப்பவன் வயிறு நிறைந்தவன். ஆனால் காசு கொடுத்து வாங்கும் கேழ்வரகுக்கும் சும்மா கிடைக்கும் அரிசிக்கும் நடுவே 'தேர்வு' என்பதற்கு என்ன அர்த்தம்?

2023இல் தர்மபுரியிலும் நீலகிரியிலும் சோதனை முயற்சியாக 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் வந்தது. இப்போது அது 'சத்தான சிறுதானியம்'. வரட்டும். ஆனால் ஓரங்கட்டியதும் திருப்பித் தருவதும் ஒரே அதிகாரம். ரெண்டு தடவையும் நம்மைக் கேக்கல.

சுவிட்சர்லாந்துபோல வாக்கெடுப்பு வைத்தால் தீர்ந்துவிடும் என்பதல்ல என் வாதம். கேள்வியை எழுதுவது யார் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. எந்தத் தானியம், எத்தனை கிலோ, என்ன விலைக்குக் கொள்முதல் என்று கிராமசபையில் கேட்கட்டும். களையெடுத்துக் களி கிண்டும் பெண்கள் முதலில் பேசட்டும்.